மிளகாய்க் களத்துக்கு உலர்த்தி தருகிறோம் என்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

முண்டுக்காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கமுதி பக்கம் மானாவாரி மிளகாய் போடும் விவசாயிகளின் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் நான் இயக்குநர். எங்களுக்கு ஒரு கூட்டுத் திட்டம் வந்திருக்கிறது. வெளிநாட்டு நிதியம் ஒன்று பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கப் பணம் தருகிறது. நேரடியாக எங்களுக்குத் தராது. வத்தல் வாங்குகிற தனியார் கம்பெனி ஒன்று எங்களோடு கூட்டுச் சேர வேண்டும். பாதிச் செலவு நிதியம், 30 சதவீதம் கம்பெனி, மீதி 20 சதவீதம் நாங்கள். பெயர்களை இங்கே போட விரும்பவில்லை.

கிடைப்பவை: சூரிய கூடார உலர்த்திகள், தார்ப்பாய், சில பண்ணைக்குட்டைகள், பயிற்சி.

ஒப்பந்த வரைவில் இருப்பவை: ஐந்து வருஷத்துக்கு அவர்களுக்கே முதல் கொள்முதல் உரிமை. விலை அன்றைய சந்தை விலையோடு "தரத்துக்கேற்ற கூடுதல் தொகை". தரப் பரிசோதனை அவர்கள் கிடங்கில். பணம் 45 நாளில். உலர்த்திகள் ஐந்து வருஷம் முடியும் வரை கம்பெனி பேரில்.

2021 ஜனவரி மழை பலருக்கு நினைவிருக்கும். பழம் பிடுங்கி களத்தில் கொட்டியிருந்த நேரத்தில் வந்தது. மேலே சிவப்பாக இருந்த வத்தலைக் கிளறினால் அடியில் பூசணம். அப்படி ஒன்று திரும்ப வராது என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் உலர்த்தி எங்களுக்குத் தேவை, அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனாலும் போர்டில் பாதிப் பேர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மண்வெட்டி

ஓசியில் வருகிறதென்றால் பினாயிலும் குடிக்கிற ஊர் இது. முதலில் கண்மாய் மடையைச் சரி பண்ணச் சொல்லுங்கள்.

---

கரிசல்காட்டுக்காரி

விளாத்திகுளம் பக்கம் ஒரு நிறுவனத்துக்கு சி.இ.ஓ.வாக இருக்கிறேன் தம்பி. இதே மாதிரித் திட்டம் ஒன்றை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், அது எங்கே என்று கேட்காதீர்கள்.

உலர்த்தி வந்தது, திறப்பு விழா நடந்தது, பலகை வைத்தார்கள். அடுத்த பருவத்தில் அதற்குள் வத்தல் வரவில்லை. ஏன் தெரியுமா? விதைக்கிறபோதே கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியாயிற்று. உரம், களை எடுக்கிற கூலி எல்லாம் அந்தப் பணத்தில்தான். பழம் சிவந்ததும் கடைக்காரர் ஆள் வந்து நிற்பார். அவருக்குக் கொடுக்க வேண்டிய வத்தலைக் கொண்டுபோய் நம் உலர்த்தியில் போட்டு, பிறகு கம்பெனிக்கு விற்று, 45 நாள் காத்திருக்க யாரால் முடியும்? மாசி மாதத்தில் பள்ளிக்கூடக் கடனும் கோயில் கொடையும் வீட்டு வாசலில் நிற்கும். இப்போது அந்தக் கூடாரத்தில் வடகம் காய்கிறது. நன்றாகவே காய்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் என் முதல் கேள்வி: களத்துக்கு வத்தல் வந்த அன்றே உறுப்பினருக்குக் கையில் எவ்வளவு கொடுப்பீர்கள்? அந்தப் பணம் எங்கிருந்து வரும்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் உலர்த்தியைப் பற்றிப் பேசுவதில் பிரயோசனம் இல்லை.

---

முண்டுக்காட்டான்

அக்கா, நேராக அடித்துவிட்டீர்கள். வரைவில் நடைமுறை மூலதனம் (அன்றாடக் கொள்முதலுக்குக் கையில் வேண்டிய பணம்) பற்றி ஒரு வரிகூட இல்லை. "பங்காளர்கள் தேவைக்கேற்ப நிதி ஆதாரங்களை ஆராய்வார்கள்" என்று ஒரு வாக்கியம் மட்டும்.

---

கணக்கப்பிள்ளை

வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்களுக்குச் சாதகமான ஒன்று. உற்பத்தியாளர் கம்பெனி என்ற அமைப்பு 2002 சட்டத் திருத்தத்தில் வந்தது. அதில் விவசாயிகளும் விவசாயிகளின் அமைப்புகளும் மட்டுமே பங்கு வைத்திருக்க முடியும். எவ்வளவு பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆகவே கம்பெனி உங்களுக்குள் பங்கு வாங்கி நுழைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். அவர்கள் உங்களைப் பிடிக்கிற ஒரே இடம் ஒப்பந்தம். அதை வரி வரியாகப் படித்தாக வேண்டும்.

இரண்டாவது, அந்த 30 சதவீதம். ரொக்கமா? வரைவின் இணைப்பைப் பாருங்கள். பெரும்பாலும் "பொருளாகவும் சேவையாகவும்" என்று இருக்கும். அவர்களுடைய கொள்முதல் அலுவலர் உங்கள் ஊருக்கு வந்து போகிற சம்பளம், பயிற்சி மண்டப வாடகை, ஆய்வகக் கட்டணம் எல்லாம் அவர்கள் பங்காக ஏறும். எப்படியும் அவர்கள் செலவழிக்கப் போகிற பணம் அது. உங்கள் 20 மட்டும் ரொக்கமாக இருக்கும்.

மூன்றாவது, இதுதான் நான் சொல்ல வந்தது. கடன் கிடைக்கிற பொருளுக்கு நிதியத்தின் பணத்தைச் செலவழிக்காதீர்கள். உலர்த்திக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. மீதிக்கு வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் கடன் வாங்கலாம். 2020-இல் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு அறிவித்தார்கள். 2 கோடி ரூபாய் வரை உள்ள கடனுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடி, 7 வருஷம் வரை. உங்கள் நிறுவனம் மத்திய அரசின் 10,000 எஃப்.பி.ஓ. (உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்) திட்டத்தில் வந்ததென்றால் உறுப்பினர் போட்ட பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சம் வரை பங்கு மானியம் கேட்கலாம். கடன் உத்தரவாதமும் உண்டு. ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் துணை நிறுவனம் நாப்கிசான் எஃப்.பி.ஓ.க்களுக்குக் கடன் கொடுக்கிறது. வேறு தனியார் நிதி நிறுவனங்களும் கொடுக்கின்றன. அங்கே வட்டி கூடுதல், பணம் சீக்கிரம் கைக்கு வரும்.

எந்த வங்கியும் கடன் தராத விஷயம் ஒன்று இருக்கிறது: மழை பெய்து வத்தல் கெட்டுப்போன வருஷத்தின் நஷ்டம். அதை யார் சுமப்பது? வெளிநாட்டு நிதியத்தின் பணம் அங்கே போக வேண்டும். பருவநிலைக்கு என்று சொல்லித் தருகிற பணத்தில் இரும்புக் குழாயும் பாலிதீன் தாளும் வாங்கி வைத்துவிட்டு, பருவம் தப்பினால் மட்டும் விவசாயி தலையில் என்றால் அது என்ன கூட்டு?

---

வெயிலான்

நான் எதிர்முகாம். மசாலா ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கொள்முதலில் வேலை. (நீங்கள் சொல்லும் கம்பெனி இல்லை, நம்புங்கள்.)

கம்பெனிகள் இதற்குள் ஏன் வருகின்றன என்று சொன்னால் பேரம் பேச உங்களுக்கு வசதியாக இருக்கும். புண்ணியத்துக்காக வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வத்தலுக்கு அஃப்ளாடாக்சின் வரம்பு பி1 வகைக்கு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தம் 10. அது பூசணம் உண்டாக்குகிற நஞ்சு. மண்ணில் போட்டுக் காய வைத்து, இரவில் பனி இறங்கி, நடுவில் ஒரு மழையும் பெய்துவிட்டால் அந்த வரம்பு அநாயாசமாகத் தாண்டும். ஒரு கண்டெய்னர் துறைமுகத்திலிருந்து திரும்பினால் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வாடிக்கையாளர் கோபம் எல்லாம் சேர்ந்து அந்தப் பருவத்து லாபமே போய்விடும். எந்தக் களத்தில், எப்போது, யார் காய வைத்தது என்று சொல்லக்கூடிய வத்தலுக்கு அவர்கள் கூடுதல் காசு கொடுக்கத் தயார். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்த அக்கறை கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆக, உலர்த்தி அவர்களுக்கும் தேவை. உங்களுக்கு உபகாரம் செய்கிற மாதிரிப் பேசினால் சிரித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிடித்து நிற்க வேண்டிய இடம் மாதிரி எடுப்பது. இந்த நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருக்காது. மாதிரி எடுக்கிற குத்தூசியில் கெட்ட காய் நாலு வந்தால் முழு லாட்டும் தோற்கும், வராவிட்டால் தேறும். அவர்கள் கிடங்கில், நீங்கள் இல்லாத நேரத்தில் எடுத்த மாதிரியை வைத்து "தேறவில்லை" என்றால் எதைச் சொல்லி மறுப்பீர்கள்? லாரியில் ஏற்றுவதற்கு முன் உங்கள் களத்திலேயே இரு தரப்பும் நிற்க எடுக்க வேண்டும். மூன்றாகப் பிரித்து முத்திரை வையுங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று தகராறு வந்தால் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு. முடிவு இத்தனை நாளில் வரவில்லையென்றால் தேறியதாகக் கணக்கு. இந்த ஒரு பத்தியை வாங்கிவிட்டால் வரைவில் பாதிச் சண்டை முடிந்தது.

கணக்கப்பிள்ளை ஐயா சம்பளக் கணக்கைப் பற்றிச் சொன்னது உண்மை. எல்லா இடத்திலும் நடக்கிறது. கேட்டால் குறைப்பார்கள்.

---

ஆற்றங்கரை

பட்டுக்கோட்டைக்காரன். மிளகாய் தெரியாது, தென்னை தெரியும். நஷ்டம் யார் தலையில் என்ற கேள்விக்கு எங்கள் ஊர்க் கதை.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தோப்புகளில் மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. தென்னைக்குக் காப்பீடு இருந்தது. மரத்துக்கு ஆண்டு பிரீமியம் வயதைப் பொறுத்து 9 ரூபாய் அல்லது 14 ரூபாய், அதிலும் முக்கால்வாசியை அரசு தரப்பு கட்டும். அவ்வளவு மலிவாக இருந்தும் எடுத்தவர்கள் கொஞ்சம் பேர். சரி, எடுத்திருந்தால் என்ன கிடைக்கும்? நடுவயது மரத்துக்கு 1,750 ரூபாய். புதுக் கன்று வைத்துக் காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷம். அதுவரை சாப்பாட்டுக்கு? மரத்தின் விலையைக் காப்பீடு செய்தார்கள். வருமானம் இல்லாமல் போகிற வருஷங்களை யாரும் காப்பீடு செய்யவில்லை. உங்கள் பேச்சுவார்த்தையில் நஷ்டத்தை எதை வைத்து அளக்கப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

---

முண்டுக்காட்டான்

மிளகாய்க்குப் பயிர்க் காப்பீடு இருக்கிறது. தோட்டக்கலைப் பயிர் என்பதால் நாங்கள் கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை. ஆனால் அது பிர்கா (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) அளவில் மகசூல் அறுவடைச் சோதனை வைத்துக் கணக்காகிறது. எங்கள் நஷ்டம் மகசூலில் இல்லையே. காய் நன்றாகப் பிடித்து, களத்துக்கு வந்து, அங்கே வெளுத்துப் போகிறது. சிவந்த வத்தலுக்கும் வெளுத்த வத்தலுக்கும் விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம் வந்த நாள் உண்டு.

---

கணக்கப்பிள்ளை

பிரதமர் பயிர்க் காப்பீட்டின் வழிகாட்டு நெறிகளில் அறுவடைக்குப் பிந்தைய இழப்பு என்று ஒரு பிரிவு இருக்கிறது. அறுத்து வயலில் பரப்பிக் காய வைக்கும் பயிர்களுக்கு, 14 நாள் வரை, புயல் மழை அல்லது பருவம் தப்பிய மழையால் சேதம் வந்தால் தனித்தனி வயலாகப் பார்த்து இழப்பீடு. 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இது கூடுதல் பாதுகாப்பு வகை. மாநில அரசு அந்தப் பருவ அறிவிக்கையில் அந்தப் பயிருக்குச் சேர்த்திருந்தால்தான் பொருந்தும். உங்கள் மாவட்ட அறிவிக்கையை வாங்கிப் பாருங்கள். சேர்க்கவில்லையென்றால் ஆட்சியரின் குறைதீர் நாள் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். வயலில் பரப்புவதற்குத்தான் அந்தப் பிரிவு, ஊர்ப் பொதுக் களத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

---

நைரோபியிலிருந்து

இங்கே வேளாண் நிதித் துறையில் வேலை செய்யும் மதுரைக்காரன். கென்யாவில் 2009-இல் கிலிமோ சலாமா என்று ஒன்று தொடங்கினார்கள். சின்ஜென்டா அறக்கட்டளை, சஃபாரிகாம் என்ற தொலைபேசி கம்பெனி, யு.ஏ.பி. என்ற காப்பீட்டு கம்பெனி மூன்றும் சேர்ந்தது. விதை மூட்டை வாங்கும்போதே காப்பீடு. விவசாயி மூட்டை விலையில் 5 சதவீதம் கூடுதலாகக் கொடுப்பார், இடுபொருள் கம்பெனியும் அதற்குச் சமமாகப் போடும். சூரிய சக்தியில் ஓடும் தானியங்கி வானிலை நிலையம் மழை குறைந்தது என்று காட்டினால் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை மூலம் பணம் கைக்கு வரும். யாரும் வயலுக்கு வந்து பார்க்க மாட்டார்கள்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது, பிரீமியத்தில் பாதியைக் கம்பெனி கட்டியது. விவசாயி நொடித்துப்போனால் அடுத்த பருவத்தில் விதை வாங்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் கம்பெனிக்கும் அதே கணக்குதான்: நீங்கள் நொடித்துப்போனால் அவர்களுக்குச் சுத்தமான வத்தல் இல்லை.

இன்னொன்று. ஆப்பிரிக்காவில் அக்யூமன் என்ற முதலீட்டு அமைப்பு வேளாண் தகவமைப்புக்கென்று (பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதற்கென்று) ஒரு பங்கு நிதி நடத்துகிறது. 2018-இல் ஐ.நா. பருவநிலை ஒப்பந்தத்தின்கீழ் இயங்கும் பசுமைப் பருவநிலை நிதியம் அதில் பணம் போட ஒப்புதல் கொடுத்தது. நஷ்டம் வந்தால் முதலில் கரைவது அந்தப் பொதுப் பணம், தனியார் முதலீட்டாளர் பணம் அதற்குப் பிறகு. அதை நம்பித்தான் தனியார்கள் உள்ளே வந்தார்கள். பணம் போடுகிறவருக்கு முதல் நஷ்டப் பாதுகாப்பு கொடுக்கத் தெரிந்த உலகத்துக்கு, கமுதியில் மிளகாய் போடுகிறவருக்குக் கொடுக்கத் தெரியாதா? உங்கள் நிதியத்திடம் இந்த உதாரணத்தையே காட்டுங்கள். அவர்களுக்குப் புரிகிற மொழி.

சிறுவிவசாயிகளுக்குப் போகும் பருவநிலைப் பணம் 2019-20 கணக்கில் உலக மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தத் துளியும் உலர்த்திக் கூடாரமாக முடிந்துவிட்டால் வருத்தம்தான்.

---

கரிசல்காட்டுக்காரி

நைரோபித் தம்பி, நல்ல செய்தி. ஆனால் மழைமானியை வைத்து ஈடு கொடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டில் இது புதிதும் இல்லை, 2003-இல் ஆந்திராவின் மகபூப்நகரில் நிலக்கடலைக்கும் ஆமணக்குக்கும் தொடங்கிய விஷயம். மானி ஓரிடத்தில், மழை வேறிடத்தில். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அதே நாளில் எங்கள் பக்கமும் நல்ல மழைதான், கரிசலில் உளுந்தும் பாசியும் அழுகின. ஆனால் ஊருக்கு ஊர் அளவு எவ்வளவு மாறியது என்று பார்த்தால் ஒரு மானியை நம்பிக் கையெழுத்துப் போட யாருக்கும் மனசு வராது.

நான் செய்வதென்றால் இப்படிச் செய்வேன்: மானி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பாதித் தொகை தானாக வரட்டும். மீதி, களத்தில் வெளுத்த மூட்டையை இரு தரப்பும் எண்ணிய பிறகு. கம்பெனியும் நிறுவனமும் வாங்குகிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு சிறு தொகையை இதற்கென்று தனிக் கணக்கில் போட்டு வர வேண்டும். தொடக்கத்துக்கு நிதியத்தின் பணம் முதலாக இருக்கட்டும்.

---

கணக்கப்பிள்ளை

நல்ல அமைப்பு. ஒரு எச்சரிக்கை மட்டும். அதற்குக் காப்பீடு என்று பெயர் வைத்து உறுப்பினரிடம் பிரீமியம் வசூலிக்காதீர்கள். அதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உரிமம் வேண்டும். பொதுக்குழுத் தீர்மானத்தோடு ஒதுக்கு நிதியாக வையுங்கள், தணிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கம்பெனி தன் பங்கை சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) கணக்கில் எழுதப் பார்த்தால் அதையும் விசாரியுங்கள். தன் வழக்கமான வியாபாரத்துக்கான செலவை சி.எஸ்.ஆர். என்று காட்ட விதி இடம் தராது. தணிக்கையில் மாட்டினால் அடுத்த வருஷம் பணம் நிற்கும், உங்கள் களத்தில் பாதி வேலை முடிந்திருக்கும்.

---

மண்வெட்டி

சரி, நானும் சீரியஸாகவே சொல்கிறேன்.

ராமநாதபுரத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மி.மீ. பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையில். அதைப் பிடித்து வைக்கத்தான் ஊருக்கு ஊர் கண்மாய். வரத்துக்கால்வாய் முழுக்க சீமைக்கருவேலம், மடை உடைந்து கிடக்கிறது, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கில் சாக்கு அடைத்து வைத்திருக்கிறார்கள். பருவநிலைக்கு ஈடுகொடுப்பது என்றால் எங்கள் ஊரில் முதல் வேலை அதுதான். எந்தக் கம்பெனியாவது கண்மாய்க்குக் கூட்டுச் சேருமா? கண்மாய்த் தண்ணீரை மூட்டை கட்டி ஏற்றுமதி பண்ண முடியாதே. லாபம் உள்ள இடத்துக்கு மட்டும் வருகிற பணத்தை நம்பி, ஊரின் தகவமைப்பு என்று பெயர் வைக்கிறார்கள். மிளகாய் போடுகிறவருக்குக் குட்டை, கண்மாய்க்குக் கீழே நெல் போடுகிறவருக்கு நாமம்.

---

நைரோபியிலிருந்து

மண்வெட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கண்மாய்க்கும் பணம் வந்த இடங்கள் உண்டு. மதுரையின் தானம் அறக்கட்டளை பல வருஷமாக வயலகம் என்று ஆயக்கட்டு (கண்மாய்ப் பாசன) விவசாயிகளைச் சங்கமாக்கிக் கண்மாய் வேலை செய்கிறது, தனியார் நிறுவனங்களின் அறக்கட்டளைகளிடமும் பணம் வாங்கியிருக்கிறது. அது நன்கொடை வழி, கொள்முதல் ஒப்பந்த வழி இல்லை. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டால்தான் குழப்பம்.

---

மண்வெட்டி

அப்படியென்றால் முண்டுக்காட்டான் விண்ணப்பத்தில் இருக்கிற பண்ணைக்குட்டையை எடுத்துவிட்டு அதைத் தனியாகக் கேட்கட்டும். அவர் நிலத்தில் தோண்டுகிற குட்டையில் நிற்கிற தண்ணீரும் கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீர்தான். எந்த ஓடையில் தோண்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

---

தாழம்பூ

இதுவரை பேசிய எல்லோரும் நிலம் உள்ளவர்களைப் பற்றியே பேசினீர்கள். பழம் பிடுங்குவது யார், களத்தில் கிளறுவது யார், காம்பு கிள்ளுவது யார்? எல்லாம் பெண்கள். பட்டா வீட்டுக்காரர் பேரில், அதனால் பங்கும் அவர் பேரில். திட்ட அறிக்கையில் மட்டும் "பயனாளிகளில் பாதிப் பேர் பெண்கள்" என்று எழுதுவார்கள்.

கூடார உலர்த்திக்குள் நண்பகலில் போய் நின்று பார்த்திருக்கிறீர்களா? வெளியே வெயிலே தேவலை. அதற்குள் தட்டு மாற்றி, காய் புரட்டுகிறவர்களுக்கு வேலை நேரத்தை விடியக்காலைக்கும் சாயங்காலத்துக்கும் மாற்ற வேண்டும், காற்றோட்ட விசிறி வைக்க வேண்டும். மிளகாய் நெடி வேறு. குஜராத்தின் சுயதொழில் பெண்கள் சங்கமான சேவா, வெயில் ஒரு அளவைத் தாண்டினால் உழைக்கும் பெண்களுக்கு ஈட்டுத் தொகை போகிற மாதிரி ஏற்பாடு செய்திருக்கிறது. 2024-இல் மூன்று மாநிலங்களில் சுமார் 50,000 பெண்கள் அதில் இருந்தார்கள். உங்கள் ஒதுக்கு நிதியில் கூலிக்காரப் பெண்ணுக்கும் ஒரு வரி எழுதுங்கள். மழை பெய்து வத்தல் போனால் அவளுக்கும் வேலை நாள் போகிறது.

---

முண்டுக்காட்டான்

அக்கா, உலர்த்திக்குள் புரட்டுகிற வேலையை யார் செய்வார்கள் என்பதே எங்கள் போர்டில் பேச்சுக்கு வரவில்லை. இதை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவரும் உற்பத்தியாளர்தான், அவர் பேரிலும் பங்கு கொடுக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. குடும்பத்தில் பெண் பேருக்கு மாற்றிக் கொடுக்க எங்களில் சிலர் தயார், சிலர் முறைக்கிறார்கள்.

---

மட்டுறுத்துநர்

யாரோ ஒருவர் கம்பெனி பெயரை ஊகித்து எழுதிய பதிவையும் அதற்கு வந்த பதில்களையும் நீக்கியிருக்கிறேன். விஷயத்தைப் பேசுவோம்.

---

வெயிலான்

விலையைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. "அன்றைய சந்தை விலை" என்றால் எந்தச் சந்தை, எந்த நாள், எந்த ரகம்? ராமநாதபுரம் முண்டுக்கும் சாத்தூர் விருதுநகர் பக்கத்து சம்பா வத்தலுக்கும் விலை வேறு. எட்டிவயல் வணிக வளாகத்தின் ஏல விலையா, விருதுநகர் வியாபாரிகள் விலையா என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஒரு நாள் விலை வேண்டாம், முந்தைய சில ஏலங்களின் சராசரி நல்லது.

குறைந்தபட்ச விலை கேட்டுப் பாருங்கள். கொடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மிளகாய் விலை ஏறி இறங்குகிற வேகத்தில் ஐந்து வருஷத்துக்குத் தரை விலை எழுத எந்தக் கொள்முதல் மேலாளருக்கும் தைரியம் வராது. அதற்குப் பதிலாக முதல் கொள்முதல் உரிமையை மொத்த விளைச்சலில் பாதிக்கு மட்டும் என்று சுருக்குங்கள். மீதியை நீங்கள் கமிஷன் கடைக்கும் கொடுக்கலாம், குளிர்பதனக் கிடங்கிலும் வைக்கலாம்.

---

கணக்கப்பிள்ளை

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்தால் பொருளீட்டுக் கடன் கிடைக்கும், மதிப்பில் 75 சதவீதம் வரை. கரிசல்காட்டுக்காரி கேட்ட முதல் கேள்விக்கு இது ஒரு பதில். கமிஷன் கடைக்கு முன்பணத்தை அடைத்துவிட்டு வத்தலைக் கையில் வைத்திருக்க அந்த 75 போதுமா என்று பத்து உறுப்பினர் கணக்கை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கு 2019-இல் தனிச் சட்டம் வந்தது. விலையை முன்கூட்டி நிர்ணயித்து எழுதும் ஒப்பந்தம் அதன்கீழ் வருமா என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

---

முண்டுக்காட்டான்

கம்பெனி ஆட்களும் நிதியத்தின் இந்தியப் பிரதிநிதியும் வந்து உட்கார்ந்து பேசினார்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

மாதிரி எடுப்பது: களத்திலேயே, மூன்று பங்காக. உடனே ஒப்புக்கொண்டார்கள். வெயிலான் அண்ணே, அந்தப் பத்தியை அப்படியே எடுத்துப் போனேன், நன்றி.

30 சதவீதத்தில் சம்பளம்: பாதிக்கு மேல் ரொக்கம் என்று இறங்கி வந்தார்கள். பயிற்சி மண்டப வாடகையை நீக்கிவிட்டார்கள், அது எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடம்!

குறைந்தபட்ச விலை: முடியாது. அண்ணன் சொன்ன மாதிரியே. முதல் கொள்முதல் உரிமையைப் பாதியாகக் குறைக்கக் கேட்டோம், மூன்றில் இரண்டு பங்கில் நிற்கிறார்கள். சந்தையின் பெயரை எழுதச் சம்மதம்.

45 நாள்: வத்தல் ஏற்றுகிற அன்று மதிப்பில் ஒரு பகுதி முன்பணம், மீதி ஆய்வு முடிவு வந்ததும். எவ்வளவு பகுதி என்பதில் இழுபறி.

ஒதுக்கு நிதி: கம்பெனி எதிர்க்கவில்லை, கிலோவுக்கு ஒரு தொகை போடத் தயார் என்கிறார்கள். தடுமாறியது நிதியத்தின் ஆள்தான். அவர்கள் விதியில் உபகரணம், கட்டுமானம், பயிற்சி மூன்றுக்கு மட்டும் தலைப்பு இருக்கிறதாம். வங்கிக் கணக்கில் கிடக்கிற பணத்தை "விளைவு" என்று எப்படிக் காட்டுவது என்று கேட்டார். நைரோபி நண்பர் சொன்ன ஆப்பிரிக்க நிதியை எடுத்துச் சொன்னதும் குறித்துக்கொண்டார். தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறாராம்.

பண்ணைக்குட்டையைத் தனியாக எடுத்துவிட்டோம். இதில் மண்வெட்டிக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

---

மண்வெட்டி

மடை சரியாகட்டும், அப்புறம் மகிழ்கிறேன்.

---

ஆற்றங்கரை

உலர்த்தி யார் பேரில்?

---

முண்டுக்காட்டான்

இன்னும் கம்பெனி பேரில்தான். ஐந்து வருஷத்தில் கூடாரத்தின் பாலிதீன் தாள் கிழிந்துவிடும், அப்போது எங்கள் பேருக்கு வரும் என்று எங்கள் செயலாளர் சிரிக்கிறார்.

---

கணக்கப்பிள்ளை

நிதியத்தின் பாதிப் பணம் உங்களுக்காக வந்தது. அதை வைத்து வாங்கிய சொத்து கம்பெனியின் ஐந்தொகையில் (சொத்து, கடன் கணக்கில்) ஏறினால், தேய்மானத்தை அவர்கள் கழித்துக்கொள்வார்கள், வங்கியில் ஈடும் வைக்கலாம். கம்பெனிக்குக் கடன் சிக்கல் வந்தால் வங்கி உங்கள் களத்துக்கு வரும். முதல் நாளிலிருந்தே உங்கள் நிறுவனத்தின் பேரில் இருக்க வேண்டும். நீங்கள் ஒப்பந்தத்தை முறித்தால் அவர்கள் போட்ட ரொக்கத்தில் தேய்மானம் போக மீதியைத் திருப்பித் தருகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். அவர்கள் பயத்துக்கு அது போதும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

---

கரிசல்காட்டுக்காரி

ஏற்றுகிற அன்று கொடுக்கிற முன்பணத்தில் 70-க்குக் கீழே இறங்காதீர்கள் தம்பி. அதற்குக் கீழே போனால் உறுப்பினர் கமிஷன் கடைக்கே போவார், நானாக இருந்தாலும் போவேன். திருத்திய வரைவு வந்ததும் முன்பணம், நிராகரிப்பு, ஒப்பந்த முறிவு மூன்று விதிகளையும் இங்கே படம் எடுத்துப் போடுங்கள். பெயர்களை மட்டும் அழித்துவிடுங்கள், எண்களை மறைக்காதீர்கள். எங்கள் போர்டுக்கும் இதே மாதிரிக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது.